கார்பென்கோயிட்டா, வனடினைட்டா? 15,000 ரூபாய்க்கு எந்தக் கல்

எங்கள் செட்காரர்கள் சேர்ந்து, படித்த பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று பணம் போட்டதில் 15,000 ரூபாய் தேறியது. ஃபேன், குடிதண்ணீர் டேங்க் என்று வழக்கமான யோசனைகள் எல்லாம் வந்தன, ஆனால் அதையெல்லாம் ஏற்கெனவே வேறு செட்காரர்கள் செய்துவிட்டார்கள். கடைசியில் எச்.எம். மேடம்தான் ஒரு வழி சொன்னார். அறிவியல் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி பாதி காலியாகக் கிடக்கிறது, நீங்கள்தான் கல் பொறுக்குகிற ஆளாயிற்றே சார், அதை நிரப்பிக் கொடுங்கள் என்றார்.

பாதியை நான் காசே இல்லாமல் நிரப்பிவிட்டேன். வேலூரை மரமில்லா மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று கேலி செய்வார்கள், ஆனால் கல் பொறுக்குகிறவனுக்கு மரமில்லா மலையை விட வசதி ஏது? ஏலகிரியிலிருந்து சயனைட் (பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது சயனைடு இல்லை, கிரானைட்டுக்குப் பங்காளி மாதிரியான ஒரு பாறை), திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரிலிருந்து வெர்மிகுலைட், அதே இடத்து கார்பனடைட் (சுண்ணாம்புச் சத்து நிறைந்த எரிமலைக் குழம்புப் பாறை), கோட்டைக்கு எதிர்த்த மலையிலிருந்து ஒரு துண்டு, சேலத்து வெள்ளைக்கல் என்று வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. வெர்மிகுலைட் சில்லைத் தணலில் போட்டால் புழு மாதிரி நெளிந்து நீளும், அதற்கே பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் எல்லாம் சாம்பலும் வெள்ளையும் பழுப்புமாக இருக்கின்றன. மேடம் கேட்டது வண்ணம். கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும், சொல்லக் கதையும் இருக்க வேண்டும், பணத்துக்குள்ளும் அடங்க வேண்டும்.

இங்கேதான் என் அக்கா பையன் உள்ளே வந்தான். வேலூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறான், ப்ராஜெக்ட் கோபால்ட் வனடேட் பற்றி, அதாவது கோபால்ட், வனேடியம் என்ற இரண்டு உலோகமும் ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள், பேட்டரிக்கும் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிப்பதற்கும் அது ஆகுமா என்று பார்க்கிற வேலை. "மாமா, நாங்க ஆட்டோகிளேவ்ல போட்டு வேகவைக்கிற சரக்கை மண்ணே செஞ்சு வெச்சிருக்கு, பேரு கார்பென்கோயிட், அதையே வாங்கிடுங்க" என்றான். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஒரு மாதம் இதைப் பற்றியே படித்து, விலை கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு அலமாரியோ ஒரு சின்ன சேகரிப்போ வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் அவன் சொன்ன கல்லைப் பற்றி. கார்பென்கோயிட் மூன்று கோபால்ட், இரண்டு வனேடியம், அப்புறம் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த ஒரு தாது. எடைக்கணக்கில் பார்த்தால் 38 சதவீதத்துக்கு மேல் கோபால்ட், 22 சதவீதம் வனேடியம், மிச்சம் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். அடர்த்தி தண்ணீரைப் போல மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நிறம் ஆரஞ்சு. அமெரிக்காவில் யூட்டா மாநிலம், கிராண்ட் கவுண்டியில் லிட்டில் ஈவா என்ற பழைய சுரங்கத்தில் கண்டெடுத்தது. புதிய தாது என்று உலகத் தாதுவியல் சங்கத்தில் 2014-இல் வரிசை எண் வாங்கி, 2015-இல் விவரம் அச்சில் வந்தது. வனேடியத் தாதுக்களில் வேலை செய்த விளாதிமிர் கார்பென்கோ என்ற ரஷ்யத் தாதுவியலாளர் பெயரை வைத்தார்கள். கண்டுபிடித்துப் பதினைந்து வருடம்கூட ஆகாத தாது என்பதே ஒரு கவர்ச்சிதான், ஏறக்குறைய நம் பள்ளிப் பிள்ளைகளின் வயதுதான் அதற்கும் என்று சொல்லலாம், ஆனால் மண்ணுக்குள் அது எத்தனை நாளாய் இருந்ததோ அந்தக் கணக்கு வேறு.

உள்ளமைப்பு அழகானது. கோபால்ட் ஒவ்வொன்றையும் ஆறு ஆக்சிஜன் சூழ்ந்து நிற்கிறது, அப்படிப்பட்ட கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு தகடாகின்றன, ஆனால் தகட்டில் நாலில் ஓர் இடம் காலி. அந்த ஓட்டைகளோடு பார்த்தால் மூங்கில் கூடையின் அடிப்பக்கத்தில் முக்கோணமும் அறுகோணமும் மாறி மாறி வருமே, அதே முடைச்சல். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தூண் மாதிரி வனேடியம் ஜோடி ஜோடியாக நிற்கிறது, தூண்களுக்கு இடையில் உள்ள சந்தில் தண்ணீர் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன. என் அக்கா பையன் துள்ளுவது இந்தச் சந்துக்காகத்தான், இடம் இருந்தால் அயனிகள் போய்வரலாம், போய்வந்தால் அது பேட்டரி.

எப்படி உண்டாகிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கொலராடோ பீடபூமியில் மோரிசன் என்று ஒரு பாறை அடுக்கு, ஏறக்குறைய 15 கோடி வருடத்துக்கு முந்தைய மணற்கல், டைனோசர் எலும்பு கிடைக்கிற அதே அடுக்கு. அந்த மணலுக்குள் புதைந்த மரக்கட்டையைச் சுற்றி யுரேனியமும் வனேடியமும் படிந்தன. அதை முதலில் ரேடியத்துக்காகத் தோண்டினார்கள், பிறகு இரும்பை உறுதியாக்கும் வனேடியத்துக்காக, பிறகு அணுகுண்டுக் காலத்தில் யுரேனியத்துக்காக. தோண்டிவிட்டுப் போன சுரங்கங்களில் காற்றும் ஈரமும் பட்டு, பாறைக்குள் இருந்த உலோகங்கள் கரைந்து வெளியே வந்து காய்ந்து பூக்கின்றன. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத் தோல் அடுக்கி வைக்கிற கிடங்குச் சுவரில் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். அதே சங்கதிதான், உப்புக்குப் பதில் வனடேட். சுரங்கத்தில் கோபால்ட் கொஞ்சமாக இருந்தால் கொஞ்சமாகத்தான் பூக்கும்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லா ஆசையும் அடிபடுகிறது. மெல்லிய தகடுகள் ரோஜாப்பூ மாதிரி கூடி நிற்கும், படத்தில் பார்த்தால் சொக்கிப்போவோம், ஆனால் ஒரு ரோஜாவின் அளவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கேவுரு மணியின் மேல் பத்துப் பன்னிரண்டு ரோஜாக்களை வரிசையாக நட்டுவிடலாம். எடை கணக்குப் போட்டேன், நாலு பக்கமும் முழுசாக நிரம்பிய துண்டு என்றே வைத்தாலும் மூன்றரை மைக்ரோகிராமைத் தாண்டாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 வைட்டமின் 2.4 மைக்ரோகிராம், அதன் நடுவிலும் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது, ஆக நாம் தினமும் மீன் குழம்பில் சாப்பிட வேண்டிய அளவு தூசியைக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்கப் போகிறோம்.

மனிதக் கண் புத்தகம் படிக்கிற தூரத்தில் பிரித்துப் பார்க்கக் கூடியதே அந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். அதாவது புள்ளி தெரியும், பூ தெரியாது. பத்து மடங்கு லென்ஸ் வைத்தால் ஆரஞ்சு நிறம் பிடிபடும், ரோஜா என்று தெரிய நாற்பது மடங்குக்கு மேல் வேண்டும். பள்ளியில்தான் மைக்ராஸ்கோப் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்து அங்கேயே போய் வைத்துப் பார்த்தேன். வெங்காயத் தோல் பார்க்கிற அந்தக் கருவியில் வெளிச்சம் கீழிருந்து மேலே வருகிறது, கல்லை வைத்தால் வெறும் கறுப்பு. கல்லுக்கு மேலிருந்து வெளிச்சம் விழுகிற, இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை வேண்டும். ஆன்லைனில் ஆயிரம் மடங்கு என்று போட்டு விற்கிற யு.எஸ்.பி. குச்சிகளை நம்பாதீர்கள், ஆயிரம் என்பது கம்ப்யூட்டர் திரையை இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு, உண்மையான விவரம் அதில் ஐம்பது மடங்குக்கு மேல் வந்தால் அதிர்ஷ்டம். ஆக கார்பென்கோயிட் வாங்குவது என்றால் கல்லோடு சேர்த்து ஒரு மைக்ராஸ்கோப்பும் வாங்குவது என்று அர்த்தம். கடினத்தன்மை, உடையும் விதம் எல்லாம் தாது அட்டையில் எழுதியிருப்பார்கள், இந்த அளவில் அதைச் சோதிக்கப் போனால் கல்லே மிஞ்சாது.

இரண்டாவது சிக்கல், அது அதுதானா என்பது. அதே சுரங்கத்தில் மார்ட்டியைட் என்று இன்னொரு தாது கூடவே வளர்கிறது. கட்டமைப்பு ஒன்றே, கோபால்ட் இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாகம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் போகும். ஒரே துணுக்கில் இங்கே கோபால்ட் அதிகம், அங்கே துத்தநாகம் அதிகம் என்று இருந்தால் பெயரே மாறிவிடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து எந்த உலோகம் எவ்வளவு என்று எண்ண வேண்டும். விற்கிறவர் அந்தப் பகுப்பாய்வுத் தாளைக் கொடுக்கவில்லை என்றால் நீங்கள் வாங்குவது கல்லை அல்ல, ஒரு லேபிளை. சென்னை ஐ.ஐ.டி.யில் வெளியாட்கள் கொடுக்கும் மாதிரியையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருகிற கருவிக்கூடம் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூட அலமாரிக்கு வாங்குகிற தூசிக்கு அத்தனை தூரம் ஓடுவதா?

இதை நான் பயந்து சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் கோபால்ட் கலந்த கால்சைட் என்று ஒரு ரோஸ் நிறக் கல்லை ஆன்லைனில் வாங்கினேன். உண்மையான சரக்கு மொராக்கோவிலும் காங்கோவிலும் கிடைக்கும், நிறம் அப்படியே செம்பருத்தி மொட்டு. வந்ததும் அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒரு நாள் மனைவி நகப்பூச்சு துடைக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு விளையாட்டாகத் துடைத்தாள், பஞ்சு ரோஸ், கல் வெள்ளை. சாயம் போட்ட குவார்ட்ஸ். தோலுக்குச் சாயம் ஏறுவதை முப்பது வருடம் பார்த்தவனுக்கே கல்லுக்கு ஏறிய சாயம் தெரியவில்லை. அதிலிருந்து வண்ணக் கல் எது வந்தாலும் முதலில் அசிட்டோன் பஞ்சுதான், கார்பென்கோயிட்டுக்கு மட்டும் அதையும் செய்ய முடியாது, துடைத்தால் பஞ்சோடு கல்லும் போய்விடும்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. யுரேனியச் சுரங்கத்து மணற்கல் என்பதால் பக்கத்திலேயே மஞ்சள் பொடியாக கார்னோடைட் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு, அது யுரேனியத் தாது. யுரேனியச் சரக்கு நம் நாட்டில் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வருவது. துணுக்கு சின்னதுதான், ஆபத்து பெரிதில்லை, ஆனால் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறது, நாளைக்கு யாராவது கதிர்வீச்சு அளக்கிற கைகர் கருவியோடு வந்து டக் டக் என்று சத்தம் காட்டினால் எச்.எம். மேடத்துக்கு யார் பதில் சொல்வது? வாங்கினால், கதிர்வீச்சு பார்த்துச் சுத்தம் என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் மட்டுமே வாங்க வேண்டும்.

பராமரிப்பு கொஞ்சம்தான். தண்ணீரில் கழுவக் கூடாது, தூசி தட்டக் கூடாது, சின்ன பிளாஸ்டிக் டப்பாவை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. உள்ளே நீர் மூலக்கூறு இருக்கிற தாது என்பதால் ஜன்னலோரம் வேலூர் வெயிலில் வைத்துவிட்டு அது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

சரி, அதே குடும்பத்தில் கொஞ்சம் பெரிய உருப்படி ஏதாவது? மார்ட்டியைட்டைச் சொன்னேன், 2008-இல் விவரித்தது, அதுவும் யூட்டாதான், அதுவும் துணுக்குதான், கோபால்ட்டும் இல்லை. வாங்குவதில் அர்த்தமில்லை. வோல்போர்தைட் வேறு கதை. இதில் கோபால்ட் இடத்தில் செம்பு, 1838-இலிருந்து பெயர் பெற்ற பழைய தாது, பல நாடுகளில் கிடைக்கிறது, பச்சையும் மஞ்சள் கலந்த பச்சையுமாகப் பாறை மேல் பூச்சு மாதிரி படர்ந்திருக்கும். அந்தக் கூடை முடைச்சல் அமைப்புக்காக இயற்பியல்காரர்கள் இதன் காந்தத் தன்மையை விடாமல் ஆராய்கிறார்கள், முக்கோணத்தில் மூன்று பேர் நின்று பக்கத்து ஆளுக்கு எதிராகத்தான் முகம் திருப்புவேன் என்று அடம் பிடித்தால் மூன்றாவது ஆள் எந்தப் பக்கம் திரும்புவான் என்கிற சிக்கல். கதைக்குக் குறைவில்லை. ஆனால் அலமாரியில் வைத்தால் பாசி பிடித்த கல் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள், நானே முதல் பார்வையில் அப்படித்தான் நினைத்தேன்.

எரித்ரைட்டையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் கோபால்ட் என்றதும் எல்லாரும் காட்டுகிற கல் அதுதான். மொராக்கோவில் பூ அஸர் என்ற இடத்துச் சரக்கு, பீட்ரூட்டை நறுக்கிய மாதிரி நிறம், ஊசி ஊசியாக நிற்கும். ஆனால் அது கோபால்ட் ஆர்செனேட், எடையில் கால்வாசி ஆர்செனிக், விரல் நகத்தால் கீறினாலே உதிரும். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், இதில் பேச்சே இல்லை.

இனி வனடினைட். இதற்கு நான் சாய்வேன் என்று ஆரம்பத்தில் நினைக்கவில்லை. கல் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது, மொராக்கோவின் மிப்லாடென் சுரங்கத்துச் சரக்கு, அத்தனை சுலபமாகக் கிடைப்பதாலேயே சேகரிப்பவர்கள் இளப்பமாகப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பில் ஆறு பக்கம் உள்ள தகடுகள், கருவி வைத்து வெட்டியது மாதிரி கோணம் பிசகாமல், வெள்ளை பேரைட் பாறை மேல் உட்கார்ந்திருக்கும். பெருவிரல் அளவு துண்டு எங்கள் பணத்தில் கால்வாசிகூட ஆகாது. அடர்த்தி ஏறக்குறைய ஏழு, அதாவது கார்பென்கோயிட்டைப் போல இரண்டு மடங்கு, தூக்கினதும் "என்னடா இது இவ்வளவு கனம்" என்று தோன்றும். கனத்துக்குக் காரணம் ஈயம், 73 சதவீதம் அதுதான், வனேடியம் 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வனேடியம் அளவில் மட்டும் பார்த்தால் கார்பென்கோயிட்டில் இதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது, ஆனால் தெரியாத இரண்டு மடங்கை விடத் தெரிகிற ஒரு மடங்கு பிள்ளைகளுக்குப் போதும். ஈயம் இருப்பதால் தொட்டால் கை கழுவ வேண்டும், வெளிச்சம் நாள்கணக்கில் பட்டால் நிறம் மங்கிக் கறுக்கும் என்பதால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும், இரண்டும் நம்மால் முடிகிற காரியம்.

கதைக்கு வந்தால், இந்தக் கல்லை விட்டால் எங்கள் ஊருக்குப் பொருத்தமான கல் வேறு இல்லை. 1801-இல் மெக்சிகோவில் ஆந்த்ரேஸ் மனுவேல் தெல் ரியோ என்கிற பேராசிரியர் சிமபான் என்ற ஊரிலிருந்து வந்த இந்த ஈயத் தாதுவைக் கரைத்துப் பார்த்து, உள்ளே புது உலோகம் இருக்கிறது என்றார். அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் எல்லா நிறமும் உள்ளது என்று பொருள்பட பான்குரோமியம் என்று பெயர் வைத்தார். பாரிஸில் ஒருவர் சோதித்துவிட்டு, இது புதிது இல்லை, குரோமியத்தில் அழுக்கு கலந்தது என்று சொல்லிவிட, பாவம் அந்த மனுஷன் சரி என்று ஒப்புக்கொண்டு உரிமையை விட்டுவிட்டார். 1830-இல் ஸ்வீடனில் செஃப்ஸ்ட்ரோம் என்ற வேதியியலாளர் இரும்புக்குள் அதே உலோகத்தைப் பார்த்து, ஊர்த் தெய்வம் வனடிஸ் பெயரால் வனேடியம் என்றார். அடுத்த வருடமே தெல் ரியோ சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் நிரூபித்தார், ஆனால் பெயர் மாறவில்லை.

குரோமியம் என்று தப்பாகச் சொல்லப்பட்ட உலோகம்! ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்குக் குரோமியத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அப்பா கொண்டுவரும் வெட் ப்ளூ தோலின் (குரோமியத்தில் பதப்படுத்திய ஈரத் தோல்) நீலம் அதுதான், கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானதும் அதனால்தான். தனிம அட்டவணையில் 23 வனேடியம், 24 குரோமியம், பக்கத்து வீடு. நான் டேனரி லேபில் முப்பது வருடம் குரோமியத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், ஒரே உலோகம் ஒரு நிலையில் பச்சை, இன்னொரு நிலையில் மஞ்சள், ஒன்று தோலைப் பதமாக்கும், மற்றது ஆளையே பதம் பார்க்கும். வனேடியமும் அதே ஜாதி, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று நாலு நிலைக்கு நாலு நிறம். பாரிஸ்காரர் ஏமாந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

என் அக்கா பையன் இதற்கெல்லாம் மசியவில்லை. "அதுல கோபால்ட் எங்கே மாமா?" என்று ஒரே கேள்வி. நியாயமான கேள்விதான். அவன் மாற்று வழியும் சொன்னான்: இயற்கைக் கல் துணுக்காகத்தான் கிடைக்கும் என்றால் நானே கோபால்ட் வனடேட் செய்து ஒரு சீசா நிறையத் தருகிறேன், காசே வேண்டாம். முறை பெரிய ரகசியம் இல்லை. அமோனியம் மெட்டாவனடேட் குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது, சூடாக்கிக் கரைத்து, கோபால்ட் உப்புக் கரைசலோடு கலந்து, அமிலக் காரத்தைச் சரிபார்த்து, உள்ளே டெஃப்ளான் கிண்ணம் வைத்த எஃகுப் பாத்திரத்தில் மூடி, நூறு டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்தால் பொடி கிடைக்கும். அமிலக் காரம் கொஞ்சம் பிசகினால் பொருள் மாறும், வனேடியம் காரத்தில் நிறமில்லாமல் ஜோடியாக நிற்கும், லேசான அமிலத்தில் பத்துப் பத்தாகக் கூடி ஆரஞ்சாகிவிடும். சுரங்கத்தில் இதைச் சரிபார்க்க ஆளில்லாமலேயே நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை வருகிறது.

ஆனால் அவன் சீசாவை நான் வேண்டாம் என்றேன், இரண்டு காரணம். ஒன்று, பள்ளியில் வைப்பது தாது அலமாரி, லேபில் செய்ததைத் தாது என்று எழுத முடியாது, அதே வாய்பாடு இருந்தாலும் மண்ணில் விளைந்தால்தான் அந்தப் பெயர். இரண்டு, பெரிய காரணம், கோபால்ட் உப்பும் வனடேட்டும் இரண்டுமே நஞ்சு, அதிலும் காற்றில் பறக்கிற அளவு பொடியாக. கல்லில் ஒட்டிய மூன்றரை மைக்ரோகிராமுக்கும் சீசாவில் உள்ள ஐம்பது கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பூட்டு போட்ட அலமாரி மட்டும் காப்பாற்றாது. பத்தாம் வகுப்புப் பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எங்கள் செட்டுக்கு நன்றாகவே தெரியும். அவன் கல்லூரியில் வைத்துக்கொள்ளட்டும், ப்ராஜெக்டுக்கு அதுதான் சரியான வழி, ஏனென்றால் இயற்கைத் துணுக்கை வைத்து எந்த பேட்டரியும் செய்ய முடியாது, வேண்டிய அளவு சுத்தமான பொருள் லேபில்தான் கிடைக்கும். அவனுக்குச் செயற்கை, பள்ளிக்கு இயற்கை.

கோபால்ட் எங்கே என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது பொருள்களை ஈரம் படாமல் வைக்கிற ஒரு பழைய லேப் ஜாடியில், டெசிக்கேட்டரில்தான். ஈரம் உறிஞ்சப் போடுகிற சிலிக்கா ஜெல், பழைய வகையில் நீல மணி, அந்த நீலம் கோபால்ட் குளோரைடு. காய்ந்திருந்தால் கோபால்ட்டைச் சுற்றி நாலு பேர், நீலம். ஈரம் குடித்தால் ஆறு தண்ணீர் சூழ்ந்துகொள்ளும், ரோஸ். கார்பென்கோயிட்டிலும் கோபால்ட் அந்த ஆறு பேர் சூழ்ந்த நிலையில்தான் இருக்கிறது. மூடியில் ஊசித்துளை போட்டு ஒட்டிய ஒரு சின்ன சீசாவில் பத்து மணி போதும், சித்திரையில் நீலமாகவும் ஐப்பசி மழையில் ரோஸாகவும் தானே மாறிக் காட்டும், பிள்ளைகள் தொட வேண்டியதே இல்லை. இதிலும் கோபால்ட் உப்பு இருக்கிறதே என்று மேடம் கேட்டார். இருக்கிறது, ஆனால் மணிக்குள் ஊறியிருப்பது, பறக்கிற பொடி இல்லை, சீசா மேல் தட்டில் பூட்டுக்குள் இருக்கும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

ஆக முடிவு இப்படி. மிப்லாடென் வனடினைட் ஒன்று, நேரில் பார்த்து, அசிட்டோன் பஞ்சு வைத்துத்தான். பக்கத்தில் சிலிக்கா ஜெல் சீசா. மீதிப் பணத்தில் பெரும்பகுதி மேலிருந்து வெளிச்சம் விழுகிற இரண்டு கண் மைக்ராஸ்கோப்புக்கு. இதில்தான் செட்டில் சண்டை, கல்லுக்குச் சேர்த்த பணத்தில் கருவியா என்று ஒருவர் கேட்டார். அவரைக் கூட்டிப் போய் ஒரு கடையில் சேவத்தூர் கார்பனடைட்டை அதன் கீழ் வைத்துக் காட்டினேன், பத்து நிமிடம் தலையை எடுக்கவில்லை. சாம்பல் கல் என்று நான் குறை சொன்ன அத்தனையும் உள்ளே வேறு மாதிரி இருக்கின்றன.

நீங்கள் பள்ளிக்கு இல்லாமல் உங்களுக்கே வாங்குகிறவர் என்றால், ஏற்கெனவே நல்ல மைக்ராஸ்கோப் இருந்தால், நுண் துணுக்குகளைப் பார்த்து ரசிக்கிற பழக்கம் இருந்தால், என் பதில் தலைகீழ். வனடினைட் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், பகுப்பாய்வுத் தாளோடு ஒரு கார்பென்கோயிட் துணுக்கு கண்ணில் பட்டால் யோசிக்காதீர்கள். நான் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தாள் உண்டா, கதிர்வீச்சு பார்த்தாயிற்றா என்று இரண்டு கேள்வி அனுப்பினேன், இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. முதல் கேள்விக்கும் பதில் வந்தால் அது என் சொந்தக் காசு, என் வீட்டு டப்பா. பள்ளிக்கூடத்துக்கு வருடத்தில் ஒரு நாள் கொண்டுபோய் அந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் காட்டிவிட்டு, தும்மல் வருகிற பையன்களை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.